சகலை எடுத்த சிரிப்பு

பொறாமை என்ற வார்த்தையைப் பெரிய மாப்பிள்ளை தன்னைப் பற்றி ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. “எனக்கென்ன பொறாமை?” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். அப்படி ஆரம்பிக்கிறவர்களுக்கு வேறு என்னதான் இருக்கும்?

பெரிய மாப்பிள்ளை என்பது மனைவி வீட்டில் அவருக்கு வாய்த்த பெயர். அந்த வீட்டில் இரண்டு பெண்கள். சின்னவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை இவர் வெறும் மாப்பிள்ளையாக, ஒரே மாப்பிள்ளையாக இருந்தார். சோபாவில் நடு இடம் இவருக்கு. பேப்பரை முதலில் பிரிக்கிற உரிமை இவருக்கு. பிறகு சின்னவளுக்கு ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து பேரில் ‘பெரிய’ ஒட்டிக்கொண்டது, மரியாதை மட்டும் சின்னதாகிப்போனது என்பது இவருடைய கணக்கு. மாமியாரின் கடைவாய்ப் பல்லை வலியே தெரியாமல் சின்ன மாப்பிள்ளை பிடுங்கிய நாளோடு அந்த அம்மாள் முழுசாகக் கட்சி மாறிவிட்டார். ஒரு சொத்தைப் பல்லுக்கு விலைபோன மாமியார் என்று பெரிய மாப்பிள்ளை மனசுக்குள் கரித்துக் கொட்டினார்.

கேமரா மட்டும்தான் டாக்டர் காலடி படாத இடமாக இருந்தது. அதை இவர்தான் முதலில் வாங்கினார்.

வாங்கினார் என்றால் சும்மா இல்லை. லிப்ட் பராமரிக்கிற கம்பெனியில் மேற்பார்வையாளர் அவர். கையேட்டில் ஒன்று, இரண்டு என்று போட்டிருந்தால்தான் அவருக்குக் கை ஓடும். மனைவிக்கு நூலகத்தில் வேலை. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும்போது, புதிதாகப் படம் எடுக்கக் கற்கிறவர்களுக்கு என்று அட்டையில் போட்ட எது கண்ணில் பட்டாலும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். அவர் ஒவ்வொன்றையும் முன்னுரையிலிருந்து படிப்பார். லென்ஸின் துளை எவ்வளவு பெரிசு, உள்ளே கதவு எவ்வளவு நேரம் திறந்து மூடுகிறது, கேமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு கூசுகிறது என்று மூன்று எண்கள். இந்த மூன்றும் ஒரு முக்கோணம், இதைப் பிடித்தவன் எல்லாவற்றையும் பிடித்தவன் என்று அத்தனை புத்தகமும் ஒரே குரலில் சொன்னது. அவரும் பிடித்துக்கொண்டார். குழாயைச் சொட்டவிட்டுச் சொட்டை அந்தரத்தில் நிறுத்தி எடுத்தார். வெள்ளைத் துணியில் வெள்ளை முட்டையை வைத்து எடுத்தார். முட்டை நன்றாகவே வந்தது.

மனித முகம் என்ற பாடத்தில்தான் வண்டி நின்றது. மனைவியை ஜன்னலோரம் உட்காரவைப்பார்.

“கொஞ்சம் இந்தப் பக்கம். அவ்வளவு இல்ல. முகவாயை இறக்கு. ம், இப்ப சிரி. பல்லு ரொம்பத் தெரியாம சிரி.”

“சீக்கிரம்ங்க, அடுப்புல பால் இருக்கு.”

“பேசாத. பேசினா முகம் அசையும். சிரி.”

அவளும் சிரிப்பாள். அடையாள அட்டைக்குச் சிரிக்கிற சிரிப்பு. அவர் திரையில் பெரிசாக்கிப் பார்ப்பார். கண் கூர்மையாக இருக்கும், காது கூர்மையாக இருக்கும், கம்மலின் திருகாணி வரைக்கும் தெரியும். முகம் மட்டும் கடன் கேட்க வந்தவரைப் பார்த்த மாதிரி இருக்கும். அடுத்த புத்தகத்தில் இதற்கு வழி இருக்கும் என்று மூடி வைப்பார்.

இவர் கழுத்தில் கேமரா தொங்குவதைப் பார்த்த அடுத்த மாசமே டாக்டரும் ஒன்று வாங்கினார். இவருடையதைவிடப் பெரிசு, யானைத் தும்பிக்கை மாதிரி லென்ஸ். ஒரு புத்தகம்? ஒரு பக்கம்? கிடையாது. எல்லாவற்றையும் தானாகவே பார்த்துக்கொள்ளும்படி கேமராவில் ஒரு திருகு உண்டு. அதை அங்கே திருப்பிவைத்துவிட்டு, கல்யாண வீட்டில் பூ தூவுகிற மாதிரி டப்டப்பென்று எடுத்துத் தள்ளுவார். “அண்ணா, நீங்க படிச்சு எடுக்கறீங்க, நான் குருட்டாம்போக்குல எடுக்கறேன்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதுவும் எரிந்தது. எதிரி தன்னடக்கத்தோடு வேறு இருந்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு மாமியார் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மதியச் சாப்பாடு வைத்தார்கள். இரண்டு மாப்பிள்ளைகளும் இரண்டு கேமராக்களோடு வந்தார்கள். பெரியவர் வெளிச்சம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதிலேயே பந்தியின் முதல் பாதியைக் கழித்தார். சின்னவர் அதற்குள் வந்தவர் போனவர் எல்லோரையும் எடுத்து முடித்து, “அண்ணா, என் கார்டு நெறஞ்சு போச்சு, உங்ககிட்ட இன்னொண்ணு இருக்குமா?” என்று வந்து நின்றார். இருந்தது. கேமராவுக்கான பை எப்படி இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு பக்கமே உண்டு. ஆனால் புதுக் கார்டைத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. தன் கேமராவில் கிடந்த பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியதைத் தனக்குப் போட்டுக்கொண்டார். “உள்ள இருக்கறது எல்லாம் சும்மா சோதனைப் படம். கண்டுக்காதீங்க” என்றார்.

ரெண்டு நாள் கழித்து மனைவியின் தங்கை குடும்ப வாட்ஸப் குழுவில் படங்களை வரிசையாகப் போட்டாள். ‘எல்லாம் எங்க வீட்டு டாக்டர் கைவண்ணம்’ என்று மேலே ஒரு வரி. பெரிய மாப்பிள்ளை ஆபீசில் உட்கார்ந்தபடி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். இது வெளிறிப்போயிருக்கிறது. இதில் மாமனாருக்குத் தலையில் கம்பம் முளைத்திருக்கிறது. இது வீண்.

அடுத்த படத்தில் கை நின்றுவிட்டது.

அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவை, காற்றில் முகத்தில் விழுந்த முடி, பாதி மூடிய கண். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாத சிரிப்பு. ஒரு கையைக் கேமராவை நோக்கி நீட்டியிருந்தாள், செல்லமாக அடிக்க வருகிற மாதிரி. முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. அந்த முகம் அவருக்குத் தெரியாத முகம் இல்லை. பார்த்து நாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

கீழே பாராட்டு கொட்டியது. விடுதியில் தங்கிப் படிக்கிற அவர்கள் மகள், ‘அம்மா, செம! சித்தப்பா, சான்ஸே இல்லை!’ என்று எழுதியிருந்தாள். சொந்த மகள்! மாமியார் அதைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டப்போவதாக அறிவித்தார்.

பெரிய மாப்பிள்ளை போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கார்டு என்னுது, பொண்டாட்டி என்னுது, படம் மட்டும் அவனுதா?

அன்று சாயங்காலம் மனைவி வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல், “பாத்தீங்களா அந்தப் படத்தை?” என்றாள். கண்ணில் ஏதோ குறும்பு இருந்தது.

“பாத்தேன். அடிவானம் சாஞ்சிருக்கு. ஒரு ஓரத்துல துணி காயப்போடற கயிறு வருது.”

“அது கெடக்கட்டும். படம் எப்படி இருக்கு?”

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “டாக்டர் நல்லாத்தான் எடுத்திருக்காரு.”

அவள் முகத்திலிருந்த குறும்பு அணைந்தது. ஒருகணம் அவரையே பார்த்தாள். பிறகு, “ஓ” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். குற்றமுள்ள நெஞ்சு, அதான் பேச்சு வரவில்லை என்று இவர் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கை வைத்தால் அந்தப் படத்தில் நீண்ட கை நினைவுக்கு வந்தது. யாரை நோக்கி நீண்ட கை அது? கேமராவை நோக்கி. கேமராவுக்குப் பின்னால் நின்றது யார்? பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கிறவன், என் வீட்டுக்காரி வாயையும் திறக்கவைத்துவிட்டான். அவர் ஒன்றும் அசிங்கமாகச் சந்தேகப்படவில்லை. அந்த அளவுக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் பயம் வேறு. இவ்வளவு காலம் கூடவே குடித்தனம் செய்தும், இவளை இப்படிச் சிரிக்கவைக்க எனக்குத் தெரியவில்லையே, அவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற பயம். என்னோடு இருப்பதில் இவளுக்குச் சந்தோஷமே இல்லையோ?

மனைவியை உளவு பார்க்க ஆரம்பித்தார். டிவியைப் பார்த்துச் சிரித்தாள். தங்கையோடு போனில் சிரித்தாள். தேங்காய் உடைக்கும்போது தண்ணீர் கண்ணில் அடித்ததற்குக்கூடத் தனியாகச் சிரித்தாள். இவர் கேமராவை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, “என்ன, முகவாயை இறக்கணுமா?” என்றாள்.

புத்தகத்தில் ஒரு யோசனை இருந்தது. உங்களுக்குப் பிடித்த படத்தின் எண்களைப் பாருங்கள், அதே எண்களை வைத்து நீங்களும் எடுத்துப் பழகுங்கள் என்று. டிஜிட்டல் படத்துக்குள்ளேயே அதன் ஜாதகம் இருக்கும். ஆனால் போனில் வந்த படத்தில் அது அழிந்துபோயிருக்கும், ஒரிஜினல் வேண்டும். ஒரிஜினலுக்கு எங்கே போவது? எதிரியின் கோட்டைக்குத்தான்.

சனிக்கிழமை டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார். டாக்டர் முகமூடியை இறக்கி, “அண்ணா! வாங்க வாங்க! பல்லு ஏதாவது தொந்தரவா?” என்றார்.

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் படம்... பிரிண்ட் போடலாம்னு. ஒரிஜினல் இருந்தா...”

“அட, உங்க கார்டையே திருப்பித் தரலாம்னு மேசையில வெச்சிருக்கேன். எல்லாம் அதுலயே இருக்கு.” கார்டை எடுத்துக் கையில் வைத்தார். “அண்ணி சிரிப்பைப் பாத்துட்டு எத்தனை பேர் கேக்கறாங்க தெரியுமா, எப்படி எடுத்தீங்கன்னு! எனக்கே தெரியலண்ணா. எப்ப எடுத்தேன்னே ஞாபகம் இல்ல.”

ஞாபகமே இல்லையாம்! நான் முட்டையை எந்தப் பக்கம் திருப்பி வைத்து எடுத்தேன் என்று வரைக்கும் சொல்லுவேன். இவனுக்கு என் பெண்டாட்டி சிரித்தது ஞாபகம் இல்லையாம். நாற்காலியில் படுத்திருந்தவர் வாயை மூட முடியாமல் ‘ஆ’ என்றார். பெரிய மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, படத்தின் விவரத்தைத் திறந்தார். துளை, நேரம், கூச்சம் என்று மூன்று எண்களும் இருந்தன. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அந்த மூன்றுக்கும் மேலேயும் கீழேயும் இன்னும் பல வரிகள் இருந்தன. புத்தகம் மூன்றைத்தான் கேட்டது. அவரும் மூன்றைத்தான் பார்த்தார்.

மறுநாள் மதியம் மனைவியை அதே பச்சைப் புடவையில் அதே மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, “ஒரு பாடம்” என்றார். மாமியார் கீழேயிருந்து ஏறிவந்து, மாடிப்படியில் நின்றபடி, “மாப்பிள்ளை, அதான் ஒரு படம் பிரமாதமா இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?” என்றார். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே சிலர் படியேறி வருகிறார்கள்.

போன தடவை விழுந்த நிழல் எதுவரை நீண்டிருந்தது என்று போனில் படத்தைப் பார்த்து, நிழல் அங்கே வரும்வரை அவளை வெயிலில் நிற்கவைத்தார். கயிறு அதே ஓரத்தில் தெரியும்படி இரண்டடி தள்ளி நின்றார். அடிவானத்தைக்கூட அதே அளவு சாய்த்தார். கையைப் பார்த்துப் பார்த்து எண்களை வைத்தார்.

“தலையைப் பின்னால சாய். ம். வலது கையை நீட்டு. அடிக்க வர்ற மாதிரி. கண்ணைப் பாதி மூடு. சிரி.”

டப்.

பார்த்தார். வெளிச்சம் அதே. நிழல் அதே. புடவை, கயிறு, சாய்வு எல்லாம் அச்சு அசலாக அதே. நடுவில் கழுத்து சுளுக்கிக்கொண்ட ஒரு அம்மாள் ஆட்டோவை நிறுத்துகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவை.”

“கை வலிக்குதுங்க.”

“அன்னிக்கு வலிக்கலையா?” சொல்லி முடிப்பதற்குள் குரல் உயர்ந்துவிட்டது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை. “அவன் எடுக்கும்போது மட்டும் தானா வருது சிரிப்பு, கட்டின புருஷன் எடுத்தா கை வலி, கழுத்து வலி! அப்படி என்னதான் சொன்னான் அவன்? எனக்கும் சொல்லு, நானும் சொல்றேன்!”

மாமியார் சத்தமில்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

மனைவி நீட்டிய கையை மெதுவாக இறக்கினாள்.

“அவர் எடுக்கல” என்றாள். “நீங்கதான் எடுத்தீங்க.”

“என்ன?”

“லென்ஸ் மூடியை வாயில கவ்விக்கிட்டு நின்னீங்க. கையில புத்தகம், காத்துல பக்கமெல்லாம் பறக்குது. கேமரா பாட்டுக்குக் கழுத்துல ஒரு பக்கமாத் தொங்குது. நான் சாப்பிட வாங்கன்னேன். மூடியை எடுக்காமயே ‘ம்ம் ம்ம்ம்ம்’னு எனக்கு என்னமோ நீளமா பதில் சொன்னீங்க. வெளிச்சத்தைப் பத்தி விளக்கம் சொல்றீங்கன்னு நெனைக்கிறேன். எனக்குச் சிரிப்பு தாங்கல. மூடியைப் பிடுங்கலாம்னு வந்தேன். உங்க கை பட்டு டப்புனு ஒரு சத்தம். நீங்க கவனிக்கவே இல்ல. அப்புறம் அந்தக் கார்டைத்தான் தூக்கி அவர்கிட்ட குடுத்தீங்க.”

“சும்மா சொல்லாத. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற.”

பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உண்மையாக இருக்குமோ? இருந்தால்? சிக்னலில் பஸ் நிற்கிறபோதெல்லாம் டிரைவரைத் திட்டினார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இன்னொரு தடவை அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டைத் திறந்ததும் செருப்போடு கம்ப்யூட்டருக்கு ஓடினார். படத்தின் விவரத்தைத் திறந்து, அந்த மூன்று எண்களைத் தாண்டி முதல் தடவையாக மேலே பார்த்தார். எந்தக் கேமரா என்ற வரியில் அவருடைய கேமராவின் பேர் இருந்தது. டாக்டரின் தும்பிக்கை வேறு கம்பெனி. அவருடையதேதான். அவரேதான்.

“பாத்தியா!” வீடு அதிரக் கத்தினார். “என் கேமரா பேருதான் போட்டிருக்கு! நான்தான்! நான்தான் எடுத்திருக்கேன்!” உடம்பெல்லாம் பூரித்தது. போனை எடுத்துச் சின்ன மாப்பிள்ளையின் நம்பரை அழுத்தினார். மாமியாருக்குச் சொல்ல வேண்டும், மகளுக்குச் சொல்ல வேண்டும், அந்தக் கைவண்ணம் வரியை மாற்றச் சொல்ல வேண்டும். முதலில் இவனிடம் சொல்ல வேண்டும்.

மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது.

“நான் அங்கயே சொன்னேன்” என்றாள்.

“இல்ல, நிச்சயமாத் தெரியணுமில்ல...”

“நான் சொன்னா நிச்சயம் இல்ல. அதுல போட்டிருந்தாத்தான் நிச்சயம்.” குரலில் கோபம்கூட இல்லை. “முதல்ல விளையாட்டுக்குத்தான் சொல்லாம இருந்தேன். நீங்களே கண்டுபிடிச்சிருவீங்கன்னு. அம்மாவுக்குத் தெரியல, தங்கச்சிக்குத் தெரியல, அவங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. நீங்க என் மூஞ்சியப் பாத்தீங்க. பாத்துட்டு, இது யாரோ இன்னொருத்தரைப் பாத்துச் சிரிச்ச சிரிப்புன்னு நெனைச்சுட்டீங்க.”

அவர் போன் பிடித்த கையை இறக்கினார்.

“அண்ணா, சொல்லுங்கண்ணா” என்றது போன். “அண்ணா? கேக்குதா?”

“ஒண்ணுமில்ல. அப்புறம் பேசறேன்” என்று வைத்தார்.

அவள் புடவை மாற்ற உள்ளே போய்விட்டாள். திரையில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டு, கையை நீட்டி வந்துகொண்டிருந்தாள். வாயில் மூடியைக் கவ்விக்கொண்டு, எதையும் எடுக்காமல், எதுவும் தெரியாமல் அவளுக்கு எதிரே நின்ற அந்த ஆள்மேல் பெரிய மாப்பிள்ளைக்குப் பொறாமையாக இருந்தது. டாக்டர்மேல்கூட இவ்வளவு இருந்ததில்லை.